பேய் மாதத்தில் கண்விழித்த சின்னவன்

கீலுங்
மே 16

யுங்-லாய்க்கு,

கைபேசியில் என்னைத் தடுத்துவிட்டாய். மின்னஞ்சல் அனுப்பினால் போன வேகத்தில் திரும்பி வருகிறது. அஞ்சல்காரரைத் தடுக்க இன்னும் யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை. அதனால் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு முதல்முறையாகக் கடிதம் எழுதுகிறேன். நான்கான் தீவில் போ-ச்சின் அத்தையின் விடுதியில்தான் இருப்பாய் என்று எனக்குத் தெரியும். கோபித்துக்கொண்டு போவதற்குக்கூட உனக்குப் புது இடம் தெரியாது.

நீ போன பிறகும் மழை நிற்கவில்லை. சர்வர் அறையின் இரண்டு பெட்டிகளில் பெரியவன் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருக்கிறான். சின்னவன் செத்தது செத்ததுதான். பெட்டியை விற்ற கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்து பார்த்தாள். பன்னிரண்டு டிஸ்கையும் ஒவ்வொன்றாக உருவி, வேறு பெட்டியில் சொருகி, காதருகே வைத்துக்கூடப் பார்த்தாள். "பன்னெண்டும் ஒரே நிமிஷத்துல சாகுமாக்கா? இடி விழுந்தாக்கூட ஒண்ணு ரெண்டு தப்பிக்குமே" என்றாள். நான் என்ன சொல்வது? மதியச் சாப்பாட்டுக்கு எழுந்தபோது பன்னிரண்டு பச்சை விளக்கும் எரிந்தன. கை கழுவிவிட்டு வந்தபோது ஒன்றும் எரியவில்லை.

முதலாளி ஃபாங் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். பச்சை விளக்கு அணையாமல் இருக்க என்று சின்னவன் தலைமேல் அவர் வைத்திருந்த பச்சைச் சோளப்பொரிப் பொட்டலத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "மார்ச்லயே காலாவதி ஆயிருக்கு! சோளப்பொரி பழசானா மெஷின் எப்படிச் சொன்ன பேச்சு கேக்கும்? இதையெல்லாம் பாக்குறதுக்குத்தானே உனக்குச் சம்பளம்?" உடனே கடைக்குப் போய் ஆறு புதுப் பொட்டலம் வாங்கி வந்தார். அவசரத்தில் ஒன்று மஞ்சளாக இருந்தது. மஞ்சள் வைத்தால் மஞ்சள் விளக்குதான் எரியும் என்று அதை மட்டும் அவரே சாப்பிட்டுவிட்டார்.

இதெல்லாம் நீ இருந்திருந்தால் சிரித்திருப்போம். நீ எல்லோர் முன்னாலும் கத்திவிட்டுப் போனாய். "என் சத்தத்தையெல்லாம் எனக்குக் குடு, இப்பவே குடு" என்றாய். இப்போது பெரியவனுக்குள் இருக்கும் எல்லாவற்றையும் நகலெடுத்தால் அவனும் படுத்துவிடுவான் என்று சொன்னேன். "நீ காவல் காக்கிறது பெட்டிய. சத்தத்த இல்ல." இதைச் சொல்லிவிட்டு மைக் பையைத் தூக்கிக்கொண்டு கப்பலேறிவிட்டாய். குடையைக்கூட எடுக்கவில்லை.

நேற்று அறையிலேயே கொஞ்சம் கண்ணயர்ந்தேன். பெரியவனின் அடியிலிருந்து தண்ணீர் கசிவதாகக் கனவு. துடைக்கத் துணியோடு குனிந்தால் அது தண்ணீர் இல்லை, நீ பதிவு செய்த மழைச் சத்தம். துணியைப் பிழிந்தாலும் சொட்டிக்கொண்டே இருந்தது.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

ஸூ-பெய்

•

நான்கான்
மே 22

ஸூ-பெய்க்கு,

உன்னைத் தடுத்தது உண்மைதான். ஆனால் வந்த மூன்றாம் நாளே பாறையில் குனிந்து அலையைப் பதிவு செய்யும்போது கைபேசி கடலுக்குள் போய்விட்டது. இப்போது உலகம் முழுவதையுமே தடுத்திருக்கிறேன். உன் எண் எனக்கு மனப்பாடம் இல்லை. ஆபீஸ் எண் தெரியும், ஆனால் அதை எடுப்பவர் முதலாளி.

இங்கே மூடுபனி. விமானம் இறங்கவில்லை. காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக் கல்சுவர் இல்லை, மதியம் திரும்பி வருகிறது. மூடுபனியைப் பதிவு செய்யலாம் என்று துறைமுகப் படியில் உட்கார்ந்தேன். காதில் மாட்டினால் எதுவும் கேட்கவில்லை. நெடுநேரம் கழித்து ஒரு கப்பல் கூவுகிறது, எந்தப் பக்கம் என்று சொல்ல முடியவில்லை. அந்தப் பதிவில் பெரும்பாலும் என் மூச்சுதான் இருக்கிறது. இருந்தும் அழிக்க மனம் வரவில்லை.

போ-ச்சின் அத்தை சிவப்பு அரிசி மதுவின் வண்டல் போட்டு விலாங்கு மீன் வறுத்திருந்தாள். பழைய மது ஊற்றிய சேமியாவும் இருந்தது. நான் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, "பொண்டாட்டியோட சண்டையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "பொய் சொல்லாதடா. போன தடவ வந்தப்போ ரெண்டு கிண்ணம் இறங்குச்சு. இப்ப ஒண்ணையே மொறச்சுப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க. சேமியா உன்ன என்ன பண்ணிச்சு?" என்றாள்.

நான் கத்தியது பெரிய தப்பு என்றே வைத்துக்கொள். ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். நம் கட்டிலுக்கு அடியில் என் பழைய டிஸ்குகள் அட்டைப்பெட்டிகளில் இருந்தன. ஆபீஸ் தொடங்கியபோது அவை எல்லாவற்றையும் நீதான் வாங்கிக்கொண்டு போனாய். பெரியவன், சின்னவன் இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒருவன் விழுந்தால் மற்றவன் தாங்குவான், இனி தூசி படிய இதெல்லாம் எதற்கு என்றாய். அழித்துக் காலியாக்கி வேறு வேலைக்குக் கொடுத்தாய். நானும் தலையாட்டினேன். எட்டு வருஷமாக மலையிலும் ரயில் மேடையிலும் மீன்பிடிப் படகிலும் நின்று சேர்த்தது இப்போது ஒரே ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. அதையும் தரமாட்டேன் என்கிறாய்.

பெட்டி படுத்துவிடும் என்பது மட்டும்தான் காரணமா? உன் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

என் சத்தங்களை ஒரு டிஸ்கில் போட்டு அனுப்பிவிடு. அதன் பிறகு நமக்குள் என்ன என்பதைப் பேசலாம்.

யுங்-லாய்

•

கீலுங்
மே 30

யுங்-லாய்க்கு,

நிதானமாகப் படி. நடுவில் எழுந்து போகாதே.

சின்னவன் ஏன் செத்தான் என்று தெரிந்துவிட்டது. சோளப்பொரியின் குற்றமில்லை, என் குற்றமும் இல்லை. ஒவ்வொரு டிஸ்குக்குள்ளும் அதை நடத்துகிற சின்ன நிரல் ஒன்று இருக்கும், ஃபர்ம்வேர் என்போம். நம்மிடம் உள்ள வகையில் அந்த நிரலிலேயே ஒரு பிழை. டிஸ்க் எத்தனை மணி நேரம் விழித்திருந்தது என்று அது எண்ணிக்கொண்டே போகிறது. நாலு வருஷத்துக்குக் கொஞ்சம் முன்னால் அந்த எண் ஓர் எல்லையைத் தொடுகிறது. அதற்கு மேல் எண்ணத் தெரியாமல் தன்னையே மறந்துவிடுகிறது, பிறகு எழுவதில்லை. டிஸ்க் செய்த கம்பெனி ஓர் அறிவிப்பு போட்டிருக்கிறது. யார் கண்ணிலும் படாத மூலையில் போட்டிருக்கிறது.

படித்ததும் எழுந்து சர்வர் அறைக்கு ஓடினேன். பெரியவனுக்கும் அதே டிஸ்க்தானே. இரண்டு பேரையும் நாம் எப்படித் தொடங்கினோம் என்று ஞாபகம் இருக்கிறதா? பெட்டிகள் ஏழாம் மாதம், பேய் மாதத்தில், வந்து இறங்கின. நல்ல அண்ணன்மார் (பேய் என்று வாயால் சொல்ல அவருக்குப் பயம்) உலாவும் மாதத்தில் புது மெஷினை எவனாவது தொட்டால் வேலையை விட்டுத் தூக்குவேன் என்றார் முதலாளி. நான்தான் சிவப்புத் தாள் ஒட்டி மூடி வைத்தேன். மாதம் முடிந்து, பஞ்சாங்கம் பார்த்து, ஊதுபத்தி ஏற்றி, பழம் வைத்து, சொன்ன நிமிஷத்தில் அவர் ஒரு கையாலும் நான் ஒரு கையாலும் இரண்டையும் ஒன்றாக அழுத்தினோம். எல்லோரும் கைதட்டினார்கள். இருபத்து நான்கு டிஸ்கும் ஒரே நிமிஷத்தில் பிறந்த பிள்ளைகள். அப்படியானால் இருபத்து நான்கும் ஒரே நிமிஷத்தில்தான் சாக வேண்டும். ஒருவன் விழுந்தால் மற்றவன் தாங்குவான் என்று உனக்குச் சொன்னேனே, இரண்டு பேருக்கும் நாமே ஒரே நாளைக் குறித்துக் கொடுத்திருக்கிறோம்.

அப்படியிருக்க சின்னவன் மட்டும் ஏன் முன்னால் போனான்? பெரியவனிடம் அவனைப் பற்றிய பழைய கணக்கு இருந்தது. எடுத்துப் பார்த்தேன். சின்னவன் பெரியவனைவிட மூன்று வாரம் மூத்தவன். பேய் மாதத்தின் நடுவில் யாரோ அவனை எழுப்பியிருக்கிறார்கள்.

அறைச் சாவி நம் இரண்டு பேரிடம்தான் இருந்தது. பூஜையன்று சிவப்புத் தாள் தலைகீழாக ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். என் கைதான் தவறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். என்ன தைரியம் உனக்கு! முதலாளிக்குத் தெரிந்தால் நேராக உன்னைக் கோயிலுக்கு இழுத்துப் போவார்.

ஆனால் யுங்-லாய், நீ அன்று முதலாளி சொன்ன பேச்சைக் கேட்டிருந்தால், இன்னும் இரண்டு நாளில் இருவரும் சேர்ந்தே போயிருப்பார்கள். ஏன் என்று யாருக்கும் தெரிந்திருக்காது. நீ மீறியதால்தான் நமக்கு இந்த மூன்று வாரம் கிடைத்தது. அதில் பெரும்பகுதியை நான் பொட்டலத்தையும் கம்பெனிப் பெண்ணையும் பார்த்துக்கொண்டே வீணாக்கிவிட்டேன். பெரியவனுக்கு விழித்திருக்க இன்னும் இரண்டு நாள்தான் மிச்சம்.

அதனால் அவனை நிறுத்திவிட்டேன். தூங்கினால் அவனுக்கு வயதாகாது. இப்போது அறை அவ்வளவு அமைதியாக இருக்கிறது, என் செருப்புச் சத்தம் எனக்கே அன்னியமாகக் கேட்கிறது. நம் 'மழைக்கூரை' செயலியைக் கேட்டுத் தூங்குகிறவர்கள் எல்லோரும் இப்போது எங்கெங்கோ கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முதலாளி பொங்குகிறார்.

இனி உன்னைக் கேட்க வேண்டியது. இரண்டு வழி உண்டு. ஒன்று, பெரியவனை எழுப்பி, அவன் சாவதற்குள் முடிந்த மட்டும் வெளியே எடுப்பது. இருக்கிற வேகத்துக்கு மூன்றில் ஒரு பங்குதான் வரும், மற்றதை மறந்துவிட வேண்டும். இரண்டாவது, பிழை திருத்திய புது நிரலை ஒவ்வொரு டிஸ்காக ஏற்றுவது. நகல் எடுத்துவிட்டு ஏற்றுங்கள், சில டிஸ்க் எழாமல் போகலாம் என்று அறிவிப்பிலேயே இருக்கிறது. நம்மிடம் நகல் இல்லை. இரண்டு டிஸ்க் எழாவிட்டாலும் பெரியவன் தாங்குவான். மூன்றாவது போனால் எல்லாமே போயிற்று.

சத்தம் உன்னுடையது. முதல் வழி என்றால் எதை முதலில் எடுக்க வேண்டும் என்று பட்டியல் போட்டு அனுப்பு. காத்திருக்கிறேன்.

ஸூ-பெய்

•

நான்கான்
ஜூன் 3

ஸூ-பெய்க்கு,

கண்டுபிடித்துவிட்டாயா? அந்தத் தாளைத் தலைகீழாக ஒட்டியது எனக்கு இவ்வளவு நாள் தெரியாது.

அன்று ஹுவாலியென் மலையிலிருந்து நனைந்துகொண்டு வந்திருந்தேன். குகைக்குள் ரயில் நுழையும்போது மழை சட்டென்று அறுந்து, வெளியே வரும்போது மறுபடி ஒட்டிக்கொள்ளும், அதைப் பதிவு செய்திருந்தேன். என் பழைய டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. பஞ்சாங்கத்துக்குக் காத்திருந்தால் அது செத்திருக்கும். அதனால் யாரும் திரும்பிப் பார்க்காத சின்னவனைத் திறந்து, உள்ளே ஊற்றி, பிறகு அணைக்கப் பயந்து அப்படியே ஓடவிட்டேன். தாளை ஒட்டும்போது 'மன்னிச்சுக்குங்க அண்ணன்மாரே' என்று வாய்விட்டுச் சொன்னேன்.

சின்னவன் செத்த அன்று எனக்கு உடனே இதுதான் ஞாபகம் வந்தது. பேய் மாதத்தில் எழுப்பியதால் போய்விட்டான் என்று நம்பினேன். நான்தான் கொன்றேன் என்று நினைத்துக்கொண்டு உன்மேல் பாய்ந்தேன். வெட்கமாக இருக்கிறது. அதைச் சொல்லாமல் கப்பலேறியது இன்னும் வெட்கம்.

பட்டியலுக்கு வருகிறேன். உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். முதலில் குகை மழை. பிறகு தாமிரக் கூரைமேல் விழும் ஆலங்கட்டி. அதன் பிறகு பனியில் நடக்கிற மான், அதற்கு மூன்று குளிர்காலம் காத்திருந்தேன். எழுத எழுத ஒவ்வொரு பெயரும் காதில் கேட்டது. எழுதாதவையும் கேட்டன. நடுவில் வெளியே போனேன். இருட்டியதும் கடல் கரையோரம் நீலமாக ஒளிர்கிறது இங்கே. கையை விட்டால் விரல் மட்டும் ஒளியில் நனைந்து வருகிறது, எடுத்தால் கையில் ஒன்றுமில்லை. அதற்குச் சத்தமே இல்லை. பதிவு செய்ய முடியாத ஒன்றின் முன்னால் உட்கார்ந்திருந்தது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

காலையில் போ-ச்சின் அத்தை வீங்கிய முகத்தோடு வந்தாள். "நாலு நாளா எனக்குத் தூக்கமே இல்லடா. இந்த மழைக்கூரையில ரயில் வரவே மாட்டேங்குது" என்றாள். அது என் வேலை என்று அவளுக்குத் தெரியாது. எந்த ரயில் என்று கேட்டேன், குகை மழையாக இருக்கும் என்று மனதுக்குள் பெருமை வேறு.

"வராத ரயில்டா. மேடையில ஒருத்தன் தொடப்பத்தால கூட்டிக்கிட்டிருப்பான். ரயில் லேட்டுன்னு ஒலிபெருக்கியில சொல்லுவாங்க. மறுபடி கூட்டுவான். அவ்ளோதான். என் வீட்டுக்காரர் போனதுலேர்ந்து அத போட்டாத்தான் எனக்குக் கண்ணு மூடும். யாரோ ஒருத்தன் முழிச்சிருக்கான், வேலய பாத்துக்குறான், நாம தூங்கலாம்னு இருக்கும்."

அது வீணாய்ப்போன பதிவு. ரயில் வராததால் குப்பை என்று தள்ளியிருந்தேன். நீதான் என்னைக் கேட்காமல் வெளியிட்டாய். என் பட்டியலில் அது கடைசியில்கூட இல்லை.

பட்டியலைக் கிழித்துவிட்டேன். எதில் யாருடைய தூக்கம் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியாதபோது எதை விடச் சொல்வேன்?

புது நிரலை ஏற்று. என்னைக் கேட்காதே. உன் கைக்கு என்ன தோன்றுகிறதோ அதைச் செய். எல்லாம் போனால் போகட்டும், இன்னொரு எட்டு வருஷம் மைக்கைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன்.

விமானம் இல்லை, கப்பலும் இன்று இல்லை என்கிறார்கள். இது எப்போது உன் கைக்கு வருமோ.

யுங்-லாய்

•

கீலுங்
ஜூன் 8

யுங்-லாய்,

உன் பதில் வரவில்லை. அஞ்சல் நிலையத்தில் கேட்டால் மூடுபனியைக் கைகாட்டுகிறார்கள். ஒருவேளை நீ எழுதவே இல்லையோ என்றும் தோன்றுகிறது.

முதலாளி நாளை மறுநாள் வரைதான் பொறுப்பாராம். அதன் பிறகு அவரே பொத்தானை அழுத்திவிடுவாராம். "ரெண்டு நாள் ஓடட்டும். அதுக்கப்புறம் சாகுறது அதோட தலையெழுத்து" என்கிறார். அவருக்கு விளக்கி விளக்கி என் தொண்டை வறண்டுவிட்டது.

சத்தமில்லாத அறையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது ஒன்றுதான். எனக்கு உன்மேல் கோபம் இல்லை, பயம்தான் இருக்கிறது. எதைப் பற்றிய பயம் என்று இப்போது எழுத மாட்டேன்.

ஸூ-பெய்

•

கீலுங்
ஜூன் 19

யுங்-லாய்க்கு,

பத்தாம் தேதி காலையில் கப்பல் வந்தது, உன் கடிதமும் வந்தது. நான் ஆபீஸ் படி ஏறும்போது அஞ்சல்காரர் கையில் கொடுத்தார். பிரிக்கவில்லை. மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு மேலே போனேன்.

இருக்கிற இரண்டு வழியில் எதைச் செய்வது என்று படி ஏறும்போதே முடிவு செய்திருந்தேன். மூன்றில் ஒரு பங்கை எடுத்து உன் கையில் கொடுத்தால் நீ நன்றி சொல்லிவிட்டு, மிச்சத்தை வாழ்நாள் முழுக்கக் காதில் தேடிக்கொண்டிருப்பாய். அந்த முகத்தோடு என்னால் குடித்தனம் செய்ய முடியாது.

பெரியவனை எழுப்பினேன். முதல் மூன்று டிஸ்க் சமர்த்தாகப் புது நிரலை வாங்கிக்கொண்டு கண்ணைத் திறந்தன. முதலாளி என் பின்னால் பச்சைப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். நான்காவது எழவில்லை. எழாமல் போகலாம் என்று தெரிந்ததுதானே, தொடர்ந்தேன். ஐந்தாவதும் எழவில்லை.

அதோடு தாங்குவதற்கு ஆள் இல்லை. இன்னும் ஏழு டிஸ்க் மிச்சம். "போதும் விட்டுரு. இனிமே தொடாத. ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்றார் முதலாளி. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். சட்டைப்பையில் உன் கடிதம் இருந்தது. வேண்டாம் என்று நீ எழுதியிருந்தால் நிறுத்திவிடுவேன். செய் என்று எழுதியிருந்து நாசமானால், நீ சொல்லித்தானே செய்தேன் என்று காலமெல்லாம் உன்மேல் போடுவேன். இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆறாவது டிஸ்குக்கு நிரலை அனுப்பினேன். எழுவதற்கு ஒரு மூச்சு நேரம்தான் ஆகும். அந்த மூச்சுக்குள் உன் மழை எல்லாம் என்னைச் சுற்றி நின்றது போல இருந்தது, பெய்யாமல், பெய்யலாமா என்று கேட்டுக்கொண்டு. பிறகு பச்சை விளக்கு எரிந்தது. ஏழாவது எழுந்தது. பன்னிரண்டாவது எழுந்தபோது முதலாளி தரையில் உட்கார்ந்துவிட்டார். பொட்டலத்தைப் பிரித்து எனக்கும் ஒரு கை நிறையக் கொடுத்தார். வைத்த பொட்டலத்தைச் சாப்பிடக்கூடாது என்று அவர்தான் சட்டம் போட்டவர்.

உன் சத்தம் ஒன்றுகூடப் போகவில்லை. போ-ச்சின் அத்தையிடம் சொல், மேடையில் அந்த ஆள் மறுபடி கூட்டத் தொடங்கிவிட்டார்.

உன் கடிதத்தை அதன் பிறகுதான் படித்தேன். படித்துவிட்டு அழுதேன், எதற்கு மறைக்க வேண்டும். உன் கைக்குத் தோன்றியதைச் செய் என்று எழுதியிருக்கிறாய். முன்னால் படித்திருந்தால் தயங்கியிருக்க மாட்டேன். ஆனால் படிக்காமல் செய்தது முழுக்க என்னுடையதாக இருக்கிறது, அது நல்லதுதான்.

நீ ஒன்று கேட்டிருந்தாய். பெட்டி படுத்துவிடும் என்பது மட்டும்தான் காரணமா என்று. இல்லை. அது பாதிதான் உண்மை. சிரமப்பட்டால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கொடுத்திருக்க முடியும். உன் மைக் பை எப்போதும் வாசலிலேயே இருக்கும். ஒரு பதிவுக்குப் போனால் சொன்ன நாளில் திரும்ப மாட்டாய். நீ திரும்பி வருவது எனக்காகவா, உன் சத்தங்கள் இங்கே இருப்பதாலா என்று எனக்கு என்றைக்குமே தெரிந்ததில்லை. கட்டிலடிப் பெட்டிகளை வாங்கிக்கொண்டு போனபோதே இந்த எண்ணம் எனக்குள் இருந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் உன் கையில் கொடுத்துவிட்டால் நீ வரமாட்டாயோ என்று பயந்தேன். சத்தத்தைக் காவல் காக்கவில்லை, பெட்டியையும் காக்கவில்லை. உன்னைப் பிடித்து வைத்திருந்தேன்.

அது சரியில்லை. இந்த ஒரு வாரமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் நகல் எடுத்தேன். எட்டு வருஷமும் இந்தப் பார்சலுக்குள் இருக்கிறது. நனையாமல் மூன்று சுற்றுச் சுற்றியிருக்கிறேன். இனி நீ திரும்பி வர இங்கே எதுவும் பிணையாக இல்லை.

வா என்று எழுத மாட்டேன். தூங்கப் போகிறேன். பல நாள் தூக்கம் பாக்கி இருக்கிறது.

ஸூ-பெய்

•

நான்கான், படகுத்துறை
ஜூன் 24

ஸூ-பெய்,

பார்சல் நேற்று வந்தது. மூன்று சுற்று இல்லை, ஐந்து சுற்று. பிரிக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் படியில் உட்கார்ந்திருந்தேன். எட்டு வருஷம் இவ்வளவுதான் கனமா என்று இருந்தது.

பிறகு போ-ச்சின் அத்தையிடம் கொடுத்து, அலமாரியில் உயரத்தில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டேன். "உள்ள என்னடா?" என்றாள். தூக்கம் என்றேன். "அப்ப நீ எத எடுத்துக்கிட்டுப் போற?" என்று கேட்டாள். இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். "போடா, கப்பல் போயிரும்" என்று தள்ளிவிட்டாள். ஒரு நகல் எப்போதும் வேறு ஊரில் இருக்க வேண்டும் என்பது உங்கள் தொழில் சட்டம்தானே, அதனால் இதற்காக என்னைத் திட்ட முடியாது.

மூடுபனி விலகிவிட்டது. மாலைக்குள் கப்பல் கீலுங் வரும். இந்தக் கடிதத்தை அஞ்சலில் போடவில்லை. கதவைத் திறந்தால் எனக்கு நேரில் வார்த்தை வராது, தெரியும் உனக்கு. அதனால் நீட்டுகிறேன், நின்றுகொண்டே படித்துக்கொள்.

மைக் பையையும் அத்தையிடமே விட்டுவிட்டேன். உன் வாசலில் நிற்கிற ஆளிடம் ஒன்றுமே இல்லை. உன் வீட்டிலிருந்து எடுத்துப்போகவும் அவனுக்கு ஒன்றுமே இல்லை. அப்படியும் வந்திருக்கிறான்.

யுங்-லாய்